போயா நாளில் மாங்குளம்: வன்னிச் சட்டத்தரணிகளுக்கு எந்தக் குழு பொருந்தும்?

நாங்கள் எட்டுப் பேர். வவுனியாவில் நால்வர், கிளிநொச்சியில் இருவர், முல்லைத்தீவில் ஒருவர், மன்னாரில் ஒருவர். எல்லோரும் சட்டத்தரணிகள். மாதத்தில் ஒருநாள் கூடியிருந்து, இந்தத் தொழில் எங்களை என்ன பாடுபடுத்துகிறது என்று கதைக்க ஓர் ஏற்பாடு வேண்டும் என்பதில் எட்டுப் பேருக்கும் ஒரே எண்ணம். எப்படிப்பட்ட ஏற்பாடு என்று கேட்டால் எட்டு எண்ணம். "நீதானே எழுதுற ஆள், எல்லாத்தையும் பக்கத்தில பக்கத்தில வைச்சு எழுதிக்கொண்டு வா, பாத்து முடிவெடுப்பம்" என்று எங்களில் மூத்த அக்கா சொல்லிவிட்டார். அவர் சொன்னால் எங்கள் வட்டத்தில் அதற்கு மேன்முறையீடு இல்லை. எங்களைப் போல வேறு ஊர்களில் யோசிப்பவர்களுக்கும் பயன்படலாம் என்று அதையே இங்கே விரித்து எழுதுகிறேன்.

இந்த எண்ணம் எனக்கு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரு ஆட்கொணர்வு மனுவுக்காகச் சத்தியக்கடதாசி ஒன்று தயாரித்துக்கொண்டிருந்தேன். போர் முடிந்த 2009 மே மாதம், மகன், அவர் உடுத்திருந்த சாரம், படையினரிடம் கையளித்த இடம், ஏற்றிப்போன பஸ். இப்படிப்பட்ட கடதாசிகளை எத்தனையோ தரம் அடித்தாயிற்று. சில வசனங்களை விரல்கள் திரையைப் பார்க்காமலே அடிக்கும். அச்செடுத்து வாசித்துக் காட்டினேன். மகனைக் கையளித்த அந்த அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி, சாரம் நீலமில்லை, பச்சை. போன முறையும் நீலமெண்டுதான் போட்டனீங்கள்" என்றார். போன முறை வேறொருவருடைய கடதாசியில் இருந்து எடுத்து ஒட்டியதில் வந்த நீலம் அது. எனக்கு அன்றைக்கு இன்னும் மூன்று வழக்கு. "அது பெரிய விசயமில்லை அம்மா" என்று சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சமாதான நீதவான் முன்னிலையில் கையெழுத்து வைத்துவிட்டுப் போனார். பின்னேரம் லிகிதர் முத்திரை ஒட்டிய இடம் கோணலாக இருக்கிறது என்று அவரோடு சத்தம் போட்டேன். இரவு படுத்தபிறகு அந்த அம்மாவின் முகத்தை நினைத்துப் பார்த்தேன், வரவில்லை. அந்தப் பச்சைச் சாரம்தான் வந்தது.

இது எனக்கு மட்டும் நடப்பதில்லை. எங்களில் ஒருவர் கொக்குத்தொடுவாய்க் குழியருகே நின்றவர். 2023 யூனில் குடிநீர்க் குழாய்க்கு நிலத்தை வெட்டும்போது வெளிப்பட்ட அந்தப் புதைகுழியில், அடுத்த ஆண்டு அகழ்வு முடியும்போது 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டிருந்தன. எலும்பைப் பார்த்து ஒன்றும் செய்யவில்லையாம், மண்ணோடு ஒட்டியிருந்த துணியைப் பார்த்த நாளிலிருந்துதான் நித்திரை குழம்பியது என்கிறார். 2023 செப்டெம்பரில் முல்லைத்தீவு நீதிபதி பதவி விலகினார். உயிர் அச்சுறுத்தல், மன அழுத்தம் என்ற இரண்டையும் காரணமாகச் சொல்லியிருந்தார். நாங்கள் பணியைப் புறக்கணித்தோம், வீதியில் கறுப்புக் கோட்டோடு நின்றோம். அச்சுறுத்தலைப் பற்றிக் கதைத்தோம், கதைக்கத்தான் வேண்டும். அந்த இரண்டாவது காரணத்தை எங்கள் எட்டுப் பேரில் ஒருவராவது தொட்டதாக எனக்கு நினைவில்லை.

வெளிநாட்டுக் கணக்குகள் இரண்டைக் குறித்துவைக்கிறேன். அமெரிக்காவில் 12,825 சட்டத்தரணிகளிடம் விசாரித்து 2016இல் வெளியான ஆய்வில் 28 வீதமானவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. ஐந்தில் ஒருவருக்குக் குடி சிக்கலாகியிருந்தது. போரையும் காணாமல் ஆக்கப்படுதலையும் கண்டிராத வழக்குகளும் நிறைய உள்ள கூட்டம் அது. எங்களுக்கு அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது. 2003இல் அங்கேயே வந்த சிறிய ஆய்வொன்றுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. பாதிக்கப்பட்டவர்களோடு வேலை செய்யும் சட்டத்தரணிகளையும் உளநலப் பணியாளர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பிறருடைய துயரம் தங்களுக்குள் இறங்கிவிடும் பாதிப்பு சட்டத்தரணிகளிடம்தான் கூட இருந்தது. வழக்குப் பாரம் ஒரு காரணம். இதைப் பற்றிக் கேட்டு வழிகாட்ட மேலே ஒருவரும் இல்லாதது இன்னொரு காரணம். வவுனியாவில் உளவளத்துணையாளர் ஒருவரைக் கேட்டால், தனக்கு மேலே ஒரு மேற்பார்வையாளர் இருக்கிறார், குறித்த காலத்துக்கு ஒருமுறை போய் இருந்து கதைக்கவேண்டும் என்பார். எங்களுக்கு மேலே இருப்பது தவணைப் புத்தகம்.

சொல் ஒன்றையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். இந்த முறைகளுக்கு மீள்நோக்குப் பயிற்சி, பிரதிபலிப்புச் செயன்முறை என்று பல மொழிபெயர்ப்புகள் உலவுகின்றன. நீதிமன்ற அறிவித்தலைப் போல ஒலிக்கின்றன. கிளிநொச்சித் தம்பி ஒருவர் "ஆறியிருந்து கதைக்கிறது எண்டு சொல்லுங்கோவன் சேர்" என்றார். அதையே வைத்துக்கொண்டோம். ஒன்று மட்டும்: மனம் விட்டுக் கொட்டித் தீர்ப்பது வேறு, இது வேறு. நடந்த ஒன்றைத் திரும்ப எடுத்துவைத்து, அந்த நேரம் நான் என்ன நினைத்தேன், என்ன செய்தேன், ஏன் அப்படிச் செய்தேன் என்று மற்றவர்கள் முன்னால் பார்ப்பது. தொழில்காரர் ஒருவர் வேலையின் நடுவிலேயே இப்படி யோசித்துக் கற்றுக்கொள்கிறார் என்று டொனால்ட் ஷோன் 1983இல் எழுதினார். இங்கிலாந்துச் சொலிசிட்டர்கள் 2016 நவம்பரிலிருந்து தங்கள் வேலையை மீள்நோக்கிப் பார்த்துத் தகைமையைப் பேணவேண்டும் என்பது அங்கே ஒழுங்குவிதி. ஆனால் அது ஒரு படிவத்தை நிரப்பித் தனியாகவும் செய்துவிடக் கூடிய வேலை. எங்களுக்கு வேண்டியது அதுவல்ல.

சரி, எங்கள் முன்னால் என்னென்ன இருக்கின்றன?

இப்போது இருப்பதிலிருந்து தொடங்குகிறேன். நீதிமன்றக் கன்ரீனில் தேத்தண்ணி, வடை. பின்னேரத்தில் சிலருக்குப் போத்தல். முன்னதை நான் குறைத்து மதிக்கமாட்டேன்; அப்புக்காத்து (அட்வகேட்), பிறக்கிராசி (புறொக்டர்) என்று இரண்டு சாதியாகத் தொழில் பிரிந்திருந்த காலத்திலும், அது 1974இல் ஒழிந்து எல்லோரும் சட்டத்தரணிகள் ஆனபிறகும், இந்தத் தொழிலின் பாதிப் படிப்பு தேத்தண்ணி மேசையில்தான் நடந்திருக்கிறது. ஆனால் கவனித்துப் பாருங்கள். ஒருவர், "இண்டைக்கு அந்தப் பிள்ளையின்ர சாட்சியம் கேட்டு ஒருமாதிரிப் போச்சு" என்று தொடங்குவார். அடுத்த வசனத்தில் இன்னொருவர், "எந்தப் பிரிவில குற்றப்பத்திரம்?" என்பார். அவ்வளவுதான், கதை சட்டத்துக்குப் போய்விடும். போத்தலைப் பற்றி நான் சொல்லி யாரும் கேட்கப்போவதில்லை.

அடுத்தது, தனித்தனியாக உளவளத்துணைக்குப் போவது. இது எந்தக் குழுவோடும் போட்டிக்கு நிற்கும் தெரிவு அல்ல, எப்போதும் பக்கத்தில் இருக்கவேண்டியது. நித்திரை வாரக்கணக்கில் இல்லை, காலையில் எழும்ப மனமில்லை, இருந்தென்ன என்ற எண்ணம் வருகிறது என்றால் அது குழுவுக்குக் கொண்டுவரும் விசயமில்லை, வைத்தியரிடம் போகவேண்டிய விசயம். வைத்தியசாலை உளநலப் பிரிவுகள் இருக்கின்றன. தேசிய உளநல நிறுவகத்தின் 1926, உளவளத்துணைக்கான 1333 என்ற தொலைபேசி இலக்கங்களும் உண்டு. எங்கள் சிக்கல் வேறு. வன்னியில் உளநலப் பிரிவின் வாங்கில் ஒரு சட்டத்தரணி இருந்தால், பக்கத்து வாங்கில் அவருடைய கட்சிக்காரர் இருப்பார். உள்ளே இருக்கும் வைத்தியர் அடுத்த மாதம் அவருடைய வழக்கில் நிபுணத்துவச் சாட்சியாக வந்து நிற்கலாம். ஒருவர் யாழ்ப்பாணம்வரை போய்ப் பார்த்தார், அவருக்குப் பலன் இருந்தது. ஆனாலும், தொழில் தனக்குச் செய்வதை அந்த உளவளத்துணையாளருக்கு விளங்கப்படுத்தவே பாதி நேரம் போனது என்றார். தவணை என்றால் என்ன, ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதற்காக ஏன் ஆறு மாதம் மனம் அரிக்கும் என்பதெல்லாம் தொழில்காரருக்கு ஒரு வசனத்தில் விளங்கும்.

செயலமர்வைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஹோட்டல் மண்டபம், புரொஜெக்டர், பெயர் அட்டை, மூச்சுப் பயிற்சி, மதியம் புரியாணி, குழுப் புகைப்படம். போர் முடிந்தபிறகு வன்னியில் நடந்த செயலமர்வுகளுக்குக் கணக்கில்லை. வளவாளரைப் பார்த்த உடனே எங்கள் ஆக்களுக்கு முகம் மரத்துவிடும். அறிவு கிடைக்கும், அது வீணல்ல. ஆனால் ஒருநாளில் "உங்கள் மனதைப் பாதித்த சம்பவத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்கும் வகை இருக்கிறதே, அதற்கு நான் வெளிப்படையாக எதிர். கோரச் சம்பவத்துக்குப் பிறகு ஒரேயொரு அமர்வில் எல்லாவற்றையும் சொல்லவைக்கும் முறையைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அது பிந்திய மனவடுவைத் தடுத்ததாகத் தெரியவில்லை. சிலருக்கு நிலைமை மோசமாகியும் இருந்தது. கதவைத் திறந்துவிட்டுப் பின்னேரம் நாலரைக்கு வான் ஏறிப் போய்விடுபவர்களிடம் நான் எதையும் சொல்லமாட்டேன்.

நான்காவது, கொஞ்சம் பெரிய கூட்டம். இதற்குச் சுவார்ட்ஸ் சுற்று என்று பெயர். கென்னத் சுவார்ட்ஸ் அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்துக்காரர். சுகாதாரத் துறை வழக்குகளைப் பார்த்த சட்டத்தரணி. நுரையீரல் புற்றுநோயோடு வைத்தியசாலையில் கிடந்தபோது தாதியரும் வைத்தியரும் காட்டிய கனிவு தன் வேதனையைத் தாங்கக்கூடியதாக்கியது என்று எழுதிவிட்டு 1995இல் இறந்தார். அவர் பெயரில் உருவான மையம், அந்தக் கனிவைக் கொடுப்பவர்கள் வற்றிப்போகாமல் இருக்க இந்தச் சுற்றுகளைத் தொடங்கியது. மூன்று நான்கு பேர் முன்னுக்கு இருந்து, ஒரே தலைப்பில் தங்களுக்கு நடந்ததை ஐந்து பத்து நிமிடம் சொல்வார்கள். பிறகு சபை கதைக்கும். தீர்வு சொல்லக்கூடாது. ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். இங்கிலாந்து வைத்தியசாலைகளில் செய்த மதிப்பீட்டில், தொடர்ந்து வந்தவர்களிடையே உளநெருக்கீடு உள்ளவர்கள் 25 வீதத்திலிருந்து 12 வீதமாகக் குறைந்தார்கள். வராதவர்களிடையே 37இலிருந்து 34 மட்டும்தான். ஒரு சட்டத்தரணியின் பெயரில் வைத்தியசாலைகளுக்குள்ளே நடப்பது இன்னும் நீதிமன்றப் பக்கம் வரவில்லையே என்பது எனக்கொரு சின்ன மனத்தாங்கல்.

இதன் நல்ல பக்கம், வாயைத் திறக்காமலே பயன்பெறலாம். லிகிதர், மொழிபெயர்ப்பாளர், நீதிமன்றப் பதிவாளர் எல்லோரையும் சேர்க்கலாம். சிங்களத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து சிங்களத்துக்கும் ஒரு தாயின் வாக்குமூலத்தை "நான்" என்று தன்மையிலேயே சொல்லிக்கொண்டு நிற்கும் மொழிபெயர்ப்பாளரை யார் நினைத்துப் பார்க்கிறோம்? ஆனால் வன்னியில் நாற்பது பேர் இருக்கும் மண்டபத்தில் ஒரு சட்டத்தரணி எழும்பி, "எனக்குப் பயமாக இருந்தது" என்று சொன்னால், அடுத்த நாள் காலையில் எதிர்த்தரப்புக்கும் தெரியும், பொலிஸுக்கும் தெரியும், கட்சிக்காரருக்கும் தெரியும். பயங்கரவாதத் தடைச் சட்ட வழக்குகளில் நிற்பவர்களுக்கு அது வெறும் வெட்கக்கேடு மட்டுமல்ல. எனவே இதை இரண்டு வருடம் கழித்துப் பார்ப்போம் என்பது என் கருத்து.

மிஞ்சுவது சின்னக் குழு. அதிலும் இரண்டு வகை. நாங்களே கூடி நாங்களே நடத்துவது. வெளியிலிருந்து ஒருவர் வந்து நடத்துவது.

நாங்களே நடத்துவதை மூன்று தரம் செய்து பார்த்தோம். செலவில்லை, யாருக்கும் காத்திருக்கத் தேவையில்லை. முதல் தடவை நன்றாகவே இருந்தது. இரண்டாம் தடவை மூத்தவர் ஒருவர் கதைக்கத் தொடங்கினார், 40 நிமிடம். யார் மறிப்பது? அவரிடம் ஜூனியராக இருந்தவர்கள் எங்களில் இருவர். மூன்றாம் தடவை சட்டத்தரணிகள் சங்கத் தேர்தலைப் பற்றிக் கதைத்தோம். கெட்ட எண்ணம் ஒருவருக்கும் இல்லை. எங்கள் சபைகளில் வயதுக்கும் சீனியோரிற்றிக்கும் கொடுக்கும் இடம் அப்படி. வெளியாள் ஒருவர் இல்லாமல் அதை உடைக்கமுடியாது என்று அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது.

வெளியாள் வைத்து நடத்தும் வடிவங்களில் நாங்கள் எடுத்துப் பார்த்தது பாலின்ற் குழு. ஹங்கேரியிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த மைக்கேல் பாலின்ற் என்ற உளப்பகுப்பாய்வாளரும் அவருடைய மனைவி ஈனிட்டும் 1950களில் லண்டனில் குடும்ப வைத்தியர்களைக் கூட்டித் தொடங்கியது. நோயைப் பற்றிக் கதைக்காமல், நோயாளிக்கும் வைத்தியருக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதைக் கதைப்பதுதான் அதன் முழு வேலையும். ஆறு முதல் பன்னிரண்டு பேர், அதே ஆக்கள், ஒன்று அல்லது ஒன்றரை மணித்தியாலம். ஒருவர் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வார், குறிப்பைப் பார்க்காமல். தெளிவுக்காக ஒன்றிரண்டு கேள்வி. பிறகு அவர் கதிரையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு வாய்மூடி இருக்கவேண்டும். மற்றவர்கள் அவருடைய இடத்திலும் நோயாளியின் இடத்திலும் இருந்து தங்களுக்குத் தோன்றுவதைக் கதைப்பார்கள். கடைசியில் அவர் திரும்ப உள்ளே வரலாம், பதில் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை.

வவுனியாவில் ஒரு அலுவலகத்தின் மேல்மாடியில் ஞாயிறு பின்னேரம் ஒத்திகை பார்த்தோம். ஆறு பேர். யாழ்ப்பாணத்திலிருந்து உளசமூகப் பணியில் பழுத்த ஒருவர் வந்திருந்தார், பெண். முதலில் சொல்லும் முறை எனக்குத்தான். பச்சைச் சாரத்தைச் சொன்னேன். சொல்லி முடிக்க நாலு நிமிடம்கூட ஆகவில்லை. கதிரையைப் பின்னுக்கு இழுத்தேன். சீமெந்து நிலத்தில் அது கீச்சிட்ட சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

முதல் வாய் திறந்தது இளைய தம்பி. "சேர், முதல் கடதாசியில நீலம், பிறகு பச்சையெண்டா குறுக்குக்கேள்வியில முரண்பாடு எண்டு பிடிப்பினம். திருத்தம் போடுறதுதான்..." வந்தவர் கையை உயர்த்தினார். "சட்டம் வேண்டாம் தம்பி. அது நாளைக்கு." அறை ஒருமாதிரி அமைதியாகிவிட்டது. ஐந்து சட்டத்தரணிகளிடம் சட்டத்தைப் பறித்துவிட்டால் கையில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. மின்விசிறி சுத்திக்கொண்டிருந்தது. ஒரு நிமிடமாவது போயிருக்கும். பிறகு அக்கா மெதுவாகச் சொன்னார்: "எனக்கு இவரில கோவம் வருது. அந்த மனுசிக்குச் சாரத்தின்ர நிறம்தானே மிஞ்சிக் கிடக்கு." இன்னும் கொஞ்சம் பொறுத்து, "நானும் அப்பிடி வெட்டி ஒட்டுறனான்தான். அதாலதான் கோவம் போல." முல்லைத்தீவுக்காரர், "அந்த அம்மாவா இருந்தா நான், இவர் களைச்சுப் போனார் எண்டு நினைச்சுப் பேசாமல் கையெழுத்து வைச்சிருப்பன்" என்றார். இது எனக்கு இடித்தது. அவர் பேசாமல் இருந்ததை நான் சம்மதம் என்றோ, கோபம் என்றோ எடுத்திருந்தேன். என்மேல் பாவம் பார்த்திருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு வரவேயில்லை. எனக்குப் பதில் சொல்ல வாய் துடித்தது. சொல்ல விடவில்லை. விட்டிருந்தால் நிச்சயமாக வாதாடியிருப்பேன்.

அடுத்த கிழமை அந்த அம்மாவைக் கூப்பிட்டுக் கடதாசியைத் திருத்தினேன். தம்பி சொன்ன சட்டக் காரணமும் சரியானதுதான், அதையும் மறுக்கவில்லை.

ஆக, என் வாக்கு இந்தக் குழுவுக்குத்தான். ஆனால் எங்கள் நிலத்துக்கு இதை அப்படியே கொண்டுவந்து நடமுடியாது. மூன்று இடத்தில் வெட்டித் தைக்கவேண்டும்.

முதலாவது, வெளியே போகாமல் காப்பது. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் 126ஆம் பிரிவின்படி, கட்சிக்காரர் சொன்னதை அவருடைய வெளிப்படையான சம்மதம் இல்லாமல் நாங்கள் வெளியிட முடியாது. 127ஆம் பிரிவு அதை மொழிபெயர்ப்பாளர், லிகிதர் வரை நீட்டுகிறது. குழுவில் கூட இருக்கும் சக சட்டத்தரணி என் கட்சிக்காரருக்கு யாரோ ஒருவர்தான். குழுவை நடத்த வருபவரையோ அந்தப் பிரிவுகள் தொடுவதேயில்லை. பெயரை மாற்றிச் சொல்லலாமே என்று லண்டனில் சொல்வார்கள். இங்கே "செட்டிகுளம், மூண்டு பிள்ளையள், புருசன் லொறி ஓடுறவர்" என்று சொன்னால் மேசையில் நாலு பேருக்கு வீடு தெரியும், ஒருவர் அவருக்குச் சொந்தமாகவும் இருப்பார். எனவே விதியை இப்படி மாற்றினோம்: வழக்கின் கதை வேண்டாம். என்ன வழக்கு என்பதுகூட வேண்டாம். கட்சிக்காரர் முன்னால் இருந்த அந்தச் சில நிமிடங்களில் உனக்கு என்ன நடந்தது என்பதிலிருந்து தொடங்கு. குழுவில் இருக்கும் ஒருவர் எதிர்த்தரப்பில் நிற்கும் வழக்கு, முடியும்வரை குழுவுக்குள் வராது. குறிப்பெடுப்பதில்லை, கூட்டறிக்கை இல்லை, வட்ஸ்அப்பில் நேரத்தையும் இடத்தையும் தவிர ஒன்றும் இல்லை. (ஒத்திகையில் நான் சத்தியக்கடதாசியைப் பற்றிச் சொன்னது இந்த விதிக்கு முன்னால். இங்கே எழுதியதிலும் ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

இரண்டாவது, யார் நடத்துவது. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் திறமான உளசமூகப் பணியாளர்கள் இருக்கிறார்கள். போருக்குப் பிறகு இங்கே அந்தத் துறை வளர்ந்த அளவுக்கு வேறெதுவும் வளர்ந்ததோ தெரியாது. ஆனால் சிறுவர் வழக்கிலும் குடும்ப வன்முறை வழக்கிலும் அவர்களுடைய அறிக்கைகள் எங்கள் கைக்கு வருகின்றன. இன்றைக்கு அவர் முன்னால் அழுதுவிட்டு நாளைக்குச் சாட்சிக்கூட்டில் அவரைக் குறுக்குக்கேள்வி கேட்கமுடியுமா? வன்னி நீதிமன்றங்களுக்கு வராத ஒருவர்தான் வேண்டும். யாழ்ப்பாணம் அல்லது மட்டக்களப்பு. தமிழில் யோசிக்கிறவர். சட்டத்தரணி வேண்டவே வேண்டாம், ஓய்வுபெற்ற நீதிபதி இன்னும் வேண்டாம். அவருடைய போக்குவரத்துச் செலவையும் கொடுப்பனவையும் எட்டாகப் பிரித்துக் கொடுப்பது. நன்கொடை நிறுவனங்களிடம் போகலாம் என்றார் ஒருவர். போனால் அறிக்கை கேட்பார்கள், பயனாளிகளின் எண்ணிக்கை கேட்பார்கள், படம் கேட்பார்கள். எங்கள் காசிலேயே செய்வோம்.

மூன்றாவது, இடம். ஒத்திகை முடிந்த அடுத்த நாள் காலையில் நீதிமன்ற வாசலில் ஒரு நண்பர், "என்ன, மேல்மாடியில ஆறு வாகனம், சங்கத் தேர்தலுக்கு அணி சேருறியளோ?" என்று கேட்டார். அதோடு வவுனியா நகரம் கழிந்தது. இணையவழியாகச் செய்யலாம் என்பது மன்னார்க்காரரின் வாதம். அவருக்குத் தூரம் அப்படி, நியாயமும் உண்டு. ஆனால் சூமில் கதிரையைப் பின்னுக்கு இழுக்கமுடியாது, ஒரு நிமிட அமைதி வந்தால் 'சிக்னல் போச்சோ' என்றுதான் நினைப்போம். பிறகு, வீட்டில் பக்கத்து அறையில் யார் நிற்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? இயலாத மாதத்துக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம்.

மாங்குளத்தைச் சொன்னது முல்லைத்தீவுக்காரர். ஏ-9 வீதியும் முல்லைத்தீவு வீதியும் சந்திக்கும் இடம். வவுனியாவிலிருந்தும் வரலாம், கிளிநொச்சியிலிருந்தும் வரலாம், யாழ்ப்பாணத்திலிருந்து வருபவருக்கும் நேர்வழி. முக்கியமாக, எங்களில் ஒருவரும் அந்த ஊரவர் இல்லை. மன்னார்க்காரருக்குத்தான் அலைச்சல். அவருடைய பெற்றோல் செலவை மற்ற ஏழு பேரும் பங்குபோட வேண்டும் என்று இதில் எழுதிவைக்கிறேன், பிறகு யாரும் மறந்துபோனோம் என்று சொல்லவேண்டாம்.

நாளைப் பற்றித்தான் ஆகக் கூடுதலாக இழுபறி. சனி என்றால் கட்சிக்காரர் வரும் நாள். ஞாயிறு என்றால் கோயில், தேவாலயம், பிள்ளைகளின் ரியூசன், கலியாணவீடு. கடைசியில் அக்காதான் கண்டுபிடித்தார்: போயா, பௌர்ணமி விடுமுறை. மாதம் தவறாமல் வரும், நீதிமன்றம் இல்லை, கட்சிக்காரரும் தேடிவரமாட்டார். அன்றைக்குச் சாராயக் கடையும் பூட்டு என்று யாரோ பின்னுக்கிருந்து சொன்னார்கள், எல்லோரும் சிரித்தோம், ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அதை நான் கவனித்தேன். குழு தொடங்கியபிறகு அவராகவே சொல்லும்வரை நானாக அதை எடுக்கப்போவதில்லை.

ஒரு வருடத்துக்கு இப்படி நடத்திப் பார்ப்பது, இடையில் புதியவர்களைச் சேர்ப்பதில்லை, தொடர்ந்து மூன்று போயாவுக்கு வராதவர் தன் இடத்தை விட்டுக்கொடுப்பது. அடுத்த போயாவுக்குப் பின்னேரம் மூன்று மணி, மாங்குளத்தில் நண்பர் ஒருவர் தந்திருக்கும் பழைய வீடு. கதிரை எட்டு அங்கே இருக்கிறது, ஒன்று போதாது, நான் கொண்டுவருகிறேன். கோவைகளைக் காரிலேயே பூட்டிவிட்டு வாருங்கள்.